கருவி காட்டுவது ஒன்று, புத்தகத்தில் ஏறுவது இன்னொன்று: அளவீட்டுப் பிழைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

"அளவு ஒத்துவரவில்லை" என்று ஒருவர் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தால், பெரும்பாலும் கருவியில் பெரிய கோளாறு இருக்காது. முகத்தில் அழுக்கு ஒட்டியிருக்கும், பூச்சியம் விலகியிருக்கும், இல்லையென்றால் கூட்ட வேண்டிய திருத்தத்தைக் கழித்திருப்பார்கள். இதே பிழைகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் சேர்ந்த குறிப்பு இது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

தொடங்கும் முன் ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும். குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் போடுங்கள்: கருவி காட்டியது, திருத்தம் (கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு), திருத்திய அளவு. மனதிலேயே திருத்திவிட்டு விடையை மட்டும் எழுதினால், நாளைக்குப் பிழை எங்கே நுழைந்தது என்று யாராலும் தேட முடியாது. கீழே வரும் சோதனைகளில் பல, இந்த மூன்று கட்டங்களும் இருந்தால்தான் செய்ய முடியும்.

## அறிகுறி: மூடினாலும் பூச்சியம் வரவில்லை

முதலில் துடையுங்கள். காலிபரின் (தாடைகளால் கவ்வி அளக்கும் கருவி) தாடைகளிலும் மைக்ரோமீட்டரின் (திருகால் இறுக்கி நுட்பமாக அளக்கும் கருவி) முகங்களிலும் ஒட்டிய எண்ணெய்ப் படலமும் உலோகத் தூளும் போதும், பூச்சியத்தை நகர்த்த. மைக்ரோமீட்டரில் சுத்தமான வெள்ளைத் தாளை முகங்களுக்கு நடுவே லேசாகக் கவ்வவிட்டு மெல்ல உருவுங்கள். தாளில் கறை படியாத வரை திரும்பச் செய்யுங்கள்.

அடுத்து வெளிச்சம். காலிபரை மூடி விளக்குக்கு நேரே பிடியுங்கள். தாடைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியவில்லை என்றால் நல்லது. ஒரு முனையில் மட்டும் ஆப்பு வடிவத்தில் வெளிச்சம் கசிந்தால் தாடை தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. பொருளை எங்கே வைத்து அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பிழையும் மாறும் என்பதால், ஒரே எண்ணைக் கூட்டியோ கழித்தோ இதைத் திருத்த முடியாது. பழுது பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

டிஜிட்டல் காலிபர் என்றால், மூடிய நிலையில் பூச்சியப் பொத்தானை அழுத்துங்கள். பாதி திறந்திருக்கும்போது யாராவது தெரியாமல் அழுத்தியிருக்கலாம். மின்கலம் இறங்கினாலும் எண் தாவும்.

இவ்வளவுக்குப் பிறகும் விலகல் இருந்தால் அது சுழிப்பிழை. சுழிப்பிழை உள்ள கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். அளவு தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். மூடிய நிலையில் வெர்னியரின் (தாடையோடு நகரும் சிறு அளவுகோல்) பூச்சியக் கோடு முதன்மைக்கோலின் பூச்சியத்துக்கு வலப்பக்கம் இருந்தால் நேர் சுழிப்பிழை, இடப்பக்கம் இருந்தால் எதிர் சுழிப்பிழை. எல்லோரும் தடுமாறுவது இரண்டாவதில்தான். 0.02 மில்லிமீட்டர் மீச்சிற்றளவும் (கருவி படிக்கும் மிகச் சிறிய அளவு) 50 பிரிவுகளும் உள்ள வெர்னியரில், பூச்சியம் இடப்பக்கம் நகர்ந்து 44-ஆவது கோடு முதன்மைக்கோலின் ஒரு கோட்டோடு ஒன்றினால், சுழிப்பிழை +0.88 ஆகாது. 50-இலிருந்து 44 போக மீதி 6 பிரிவுகள், அதாவது −0.12 மில்லிமீட்டர். கருவி 24.36 காட்டினால், 24.36 − (−0.12) = 24.48. திருத்தக் கட்டத்தில் +0.12 என்று குறியோடு எழுதுங்கள்.

மைக்ரோமீட்டரில் இன்னும் எளிது. ராட்செட்டை (அளவான அழுத்தம் வந்ததும் நழுவும் நுனிப் பிடி) சுழற்றி மூடும்போது, படுக்கைக் கோட்டுக்கு நேரே 3 வந்தால் பிழை +0.03. 47 வந்தால் −0.03. இது 50 பிரிவுகள் கொண்ட, 0.01 மில்லிமீட்டர் படிக்கும் மைக்ரோமீட்டருக்கான கணக்கு. 25 முதல் 50 மில்லிமீட்டர் வரை அளக்கும் மைக்ரோமீட்டரை மூடிப் பார்க்க முடியாது. அதோடு வரும் 25 மில்லிமீட்டர் நிலைத்தண்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சிறிய விலகல் என்றால், மைக்ரோமீட்டரோடு வரும் கொக்கிச் சாவியால் உள் உருளையைத் துளி திருப்பிச் சரிசெய்யலாம். திருப்பிய தேதியைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் உள்ள அளவுகளுக்குப் பழைய திருத்தம், பின்னால் உள்ளவற்றுக்குப் புதியது. காலையில் ஒரு பூச்சியம், மாலையில் வேறு பூச்சியம் என்று நகர்ந்துகொண்டே இருந்தால் புரி தேய்ந்திருக்கலாம், உள்ளே ஏதாவது தளர்ந்திருக்கலாம். அப்போது நீங்கள் திருப்புவதை நிறுத்திவிட்டு, தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

## அறிகுறி: ஒரே பொருள், ஒவ்வொரு தடவையும் வேறு எண்

ஒரு மீச்சிற்றளவு மேலே கீழே போவது இயல்பு. அதைத் துரத்த வேண்டாம். அதற்கு மேல் சிதறினால் மட்டும் தேடுங்கள்.

தேடலை இரண்டாகப் பிரித்துவிடும் சோதனை ஒன்று இருக்கிறது. சிலிப் கேஜ் (அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டை) ஒன்றை எடுத்து, அதே கருவியால் பத்து முறை அளந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். சிதறல் மறைந்துவிட்டால் சிக்கல் உங்கள் பொருளிலோ பிடிக்கும் விதத்திலோ இருக்கிறது. சிலிப் கேஜிலும் அதே சிதறல் வந்தால் கையையும் கருவியையும் சந்தேகப்படுங்கள்.

*சிலிப் கேஜில் சிதறல் இல்லை என்றால்:* பொருளின் விளிம்பில் பிசிர் இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தண்டு உண்மையிலேயே வட்டமாக இருக்கிறதா? ஒரே இடத்தில் திருப்பித் திருப்பி அளந்தால் தெரியும். நீள்வட்டமாகத் தேய்ந்த தண்டுக்கு ஒரே விட்டம் கிடையாது. அப்படியானால் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் எழுதுங்கள். சராசரி எடுத்து ஒரே எண்ணாக்கினால் உண்மை மறைந்துபோகும்.

அப்புறம் சூடு. இயந்திரத்திலிருந்து அப்போதுதான் எடுத்த பொருள் ஆற ஆறச் சுருங்கும். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் 0.0115 மில்லிமீட்டர் நீளும். 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு 10 டிகிரி சூடாக இருந்தால் 0.0115 மில்லிமீட்டர் கூடுதல். அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு நீளும். நீளத்துக்கான உலகப் பொது அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். எஃகுக் கருவியும் எஃகுப் பொருளும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நீளும், பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். அதனால் பொருளையும் கருவியையும் ஒரே மேசையில், ஒரே நேரம் கிடக்கவிட்டு அளப்பதே மலிவான திருத்தம். மைக்ரோமீட்டரின் சட்டத்தை நெடுநேரம் உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காதீர்கள், கைச்சூடு போதும்.

*சிலிப் கேஜிலும் சிதறினால்:* ராட்செட்டைப் பிடித்துத்தான் இறுக்குகிறீர்களா, வெளி உருளையை நேரடியாகத் திருகுகிறீர்களா? உருளையைத் திருகினால் ஒவ்வொரு தடவையும் அழுத்தம் மாறும். காலிபரில் நகரும் தாடை ஆடுகிறதா? மேல் விளிம்பில் உள்ள சிறு திருகுகளைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள். பொருளைத் தாடையின் நுனியில் வைத்தால் தாடை சாய்ந்து பிழை கூடும். உள்ளே, கோலுக்கு நெருக்கமாக வையுங்கள். திருகு உள்ள எந்தக் கருவியிலும் எப்போதும் ஒரே திசையிலிருந்து அணுகுங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்வாங்கி மறுபடி வாருங்கள். புரிக்கும் மரைக்கும் நடுவே உள்ள தளர்வு இப்படித்தான் கட்டுக்குள் வரும்.

இரண்டு பேர் அளந்தால் இரண்டு எண் வருகிறது, ஒவ்வொருவரும் தனித்தனியே சீராக இருக்கிறார்கள் என்றால் சண்டை வேண்டாம். இருவரையும் ஒரே சிலிப் கேஜை அளக்கச் சொல்லுங்கள். யாருடைய கை அழுத்துகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

## அறிகுறி: பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப எண் மாறுகிறது

இது இடமாறு தோற்றப்பிழை. முள் உள்ள மீட்டரில் அளவுகோலுக்குப் பின்னால் கண்ணாடிப் பட்டை இருந்தால், முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று மறையும் இடத்தில் கண்ணை வைத்துப் படியுங்கள். அளவு உருளையில் தண்ணீரின் வளைவுக்கு அடிமட்டம், பாதரசத்துக்கு உச்சி. கண் அந்த மட்டத்திலேயே இருக்க வேண்டும். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை, நிபுணரும் தேவையில்லை.

## அறிகுறி: பூச்சியம் சரி, மேலே போகப் போகத் தப்புகிறது

பூச்சியம் சரியாக இருப்பதாலேயே கருவியை நம்பிவிடுகிறோம். அதனால் இந்தப் பிழைதான் அதிக நாள் கண்ணில் படாமல் ஓடுகிறது. வீச்சின் (கருவி அளக்கும் எல்லை) கீழ், நடு, மேல் என மூன்று இடங்களில் அளவு தெரிந்த ஒன்றை வைத்துப் பாருங்கள். நீளத்துக்கு சிலிப் கேஜ், எடைக்குச் சான்றுள்ள எடைக்கல், வெப்பநிலைக்குப் பனிநீரும் கொதிநீரும்.

வெப்பமானி. நொறுக்கிய பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். உணரி பாத்திரத்தைத் தொடாமல் நடுவில் நிற்க வேண்டும். அங்கே 0 வர வேண்டும். கொதிநீரில் 100 வராவிட்டால் உடனே கருவியைக் குறை சொல்லாதீர்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். முதலில் உங்கள் இடத்தின் உயரத்துக்கு உரிய குறைவை 100-இலிருந்து கழியுங்கள்.

தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகள் சேர்ந்த வெப்ப உணரி) என்றால் இன்னொன்று. மீட்டரில் வகை தவறாக அமைந்திருந்தாலும் அறை வெப்பநிலையில் சரியாகவே காட்டும். கே வகை உணரியை ஜே அமைப்பில் படித்தால், அறை 25 டிகிரியாக இருக்கும்போது 100 டிகிரிக் கொதிநீர் சுமார் 83 என்று தெரியும். சூடாக்கச் சூடாக்க எண் இறங்கினால் இரு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன. இரண்டையும் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும்.

கண்ணாடி வெப்பமானியில் திரவ இழை நடுவே அறுந்து இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் இடைவெளி அளவுக்குக் கூடுதலாகக் காட்டும்.

தராசு. ஒரே எடைக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வையுங்கள். மூலைக்கு மூலை மாறினால் தட்டு எங்காவது உரசுகிறது, அல்லது லோடுசெல் (எடையை உணரும் பாகம்) அடிபட்டிருக்கிறது. உரசலை நீங்களே நீக்கலாம், லோடுசெல்லுக்கு ஆள் வேண்டும். நுண்ணிய தராசை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் மறுபடி எடைக்கல் வைத்து அமைக்க வேண்டும். புவியீர்ப்பு நிலநடுக்கோட்டைவிடத் துருவத்தில் சுமார் 0.5 சதவீதம் அதிகம். இடைப்பட்ட ஊர்களுக்கு நடுவே உள்ள சிறு வித்தியாசமும் நுண்ணிய தராசில் தெரியும்.

பிரஷர் கேஜ். 0–10 பார் கேஜில் வகுப்பு 1.6 என்று போட்டிருந்தால், முழு வீச்சில் 1.6 சதவீதம், அதாவது ±0.16 பார், எந்த இடத்திலும் அனுமதி. 1 பார் படிக்கும்போது அது 16 சதவீதப் பிழை. கேஜ் பழுதில்லை, வேலைக்குப் பொருந்தாத கேஜ். உங்கள் வழக்கமான அளவு வீச்சின் நடுப்பகுதியில் விழும்படி சிறிய கேஜ் வாங்குங்கள். எப்போதும் ஒரே அளவு கூடக் காட்டினால், அழுத்தம் எடுக்கும் இடத்துக்கும் கேஜுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பாருங்கள். தண்ணீர் நிரம்பிய குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.098 பார். 5 மீட்டர் கீழே மாட்டிய கேஜ் 0.49 பார் கூடுதலாகக் காட்டுவது நியாயமே, அதைத் திருத்தமாக எழுதுங்கள். விரலால் லேசாகத் தட்டினால் முள் நகர்கிறதா? உள்ளே சிக்கல் இருக்கிறது, மாற்றும் நாள் நெருங்கிவிட்டது.

## அறிகுறி: எண் நிற்காமல் ஓடுகிறது

தராசில் முதலில் நீர்மட்டக் குமிழ். நடுவில் இல்லையென்றால் கால்களைத் திருகி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சூடான பாத்திரத்தை ஆறவிடுங்கள், அதிலிருந்து எழும் காற்று தட்டைத் தூக்கும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் நிலைமின்னூட்டம் ஏறியிருக்கலாம், உலோகப் பாத்திரத்துக்கு மாற்றிப் பாருங்கள். இயக்கிய உடனே படிக்காமல், கையேட்டில் சொன்ன நேரம் சூடேறவிடுங்கள். இவ்வளவும் செய்து, வெறும் தட்டிலேயே எண் ஒரே திசையில் ஊர்ந்தால் லோடுசெல்லில் ஈரமோ பழுதோ இருக்கலாம். அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

மல்டிமீட்டரில் முனைகள் எதையும் தொடாதபோது எண் ஓடுவது இயல்பு. இணைப்பில்லாத கம்பியில் பாதி வோல்டேஜ் மாதிரி ஏதோ காட்டினால், பக்கத்துக் கம்பியிலிருந்து தூண்டப்பட்ட பொய் வோல்டேஜாக இருக்கலாம். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகாஓம், அதனால் அந்தச் சிறு தூண்டலையும் படித்துவிடும். குறைந்த உள்தடை நிலை உள்ள மீட்டரில் பார்த்தால் பொய் வோல்டேஜ் விழுந்துவிடும். ஆனால் "இது பொய்தான்" என்று ஊகித்துக் கம்பியைத் தொடாதீர்கள். ஐயம் இருந்தால் மின்பணியாளர் வரட்டும்.

## அறிகுறி: மல்டிமீட்டர் நம்ப முடியாத எண்ணைக் காட்டுகிறது

குறைந்த தடையில் எப்போதும் கொஞ்சம் கூடுதலா? இரு முனைகளையும் ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள். லீட்களின் தடையே 0.2 முதல் 0.5 ஓம் வரை இருக்கும். அதைக் கழியுங்கள். கழித்த எண்ணைத் திருத்தக் கட்டத்தில் எழுதுங்கள்.

மின்கலம் இறங்கிய அடையாளம் எரிந்தால் அதோடு எடுத்த எண்ணைப் பதியவே வேண்டாம். பல மீட்டர்களில் மின்கலம் தளரும்போது வோல்டேஜ் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். மின்னோட்டம் எப்போதும் பூச்சியம் என்றால் உள்ளே ஃபியூஸ் போயிருக்கிறது. அதே மதிப்பும் அதே வகையும் உள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும், வேறு எதையும் போடக் கூடாது. இரண்டு மீட்டர்கள் ஒரு மோட்டார் வேகக் கட்டுப்பாட்டிலோ மங்கல் விளக்கிலோ மட்டும் முரண்பட்டால், ஒன்று உண்மை ஆர்.எம்.எஸ். மீட்டர் (அலை எந்த வடிவில் இருந்தாலும் அதன் பயனுறு மதிப்பைக் காட்டுவது), மற்றது சராசரி மீட்டர். சராசரி மீட்டர் சைன் அலைக்கு மட்டுமே சரி. முழுச் சதுர அலையை அது 11 சதவீதம் கூட்டிக் காட்டும். எந்த மீட்டரில் படித்தது என்பதையும் எழுதிவைத்தால் இந்தக் குழப்பம் பிறகு வராது.

## அறிகுறி: திருத்தம் போட்ட பிறகு பிழை கூடிவிட்டது

குறி மாறியிருக்கிறது. காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். பிழை என்பது கருவி காட்டியதிலிருந்து உண்மையைக் கழித்தது. திருத்தம் அதற்கு எதிர்க்குறி. கேஜ் 6.0 பார் காட்டும்போது உண்மை 6.1 என்றால் பிழை −0.1, திருத்தம் +0.1. கருவியைச் சோதித்த கூடம் தந்த சான்றிதழில் "பிழை" என்று போட்டிருக்கும் எண்ணை அப்படியே கூட்டினால் 5.9 வரும், உண்மையிலிருந்து 0.2 தள்ளி நிற்பீர்கள். இருந்த பிழை இரட்டிப்பாகியிருந்தால் இதுவே காரணம். சான்றிதழ் அட்டவணையின் தலைப்பைப் படியுங்கள்: பிழையா, திருத்தமா? தெளிவாக இல்லையென்றால் ஒரு வரியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், கருவி காட்டியதும் ஒப்பிட எடுத்த உண்மை மதிப்பும் அருகிலேயே இருக்கும்.

இரண்டு தடவை போட்டிருக்கிறீர்கள். மீட்டருக்குள்ளேயே திருத்தம் அமைத்திருந்தால் திரையில் வருவது ஏற்கனவே திருத்திய எண். அமைப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். இரண்டில் ஒன்றில் மட்டும் திருத்துங்கள். எனக்குக் கேட்டால் கருவியில் பூச்சியமாக விட்டுவிட்டுக் குறிப்பேட்டில் திருத்துவதே நல்லது, கண்ணுக்குத் தெரியும்.

எல்லா அளவுக்கும் ஒரே திருத்தம். சான்றிதழில் 50 டிகிரியில் +0.4, 100 டிகிரியில் +1.0 என்றால், 70 டிகிரிக்கு 0.4-ஐயோ 1.0-ஐயோ எடுக்கக் கூடாது. 50-இலிருந்து 70 வரை, 50 டிகிரி இடைவெளியில் 20 டிகிரி. 0.6 × 20 ÷ 50 = 0.24. ஆகவே திருத்தம் +0.64, ஒரு தசம இடமாக +0.6. சான்றிதழில் உள்ள வீச்சுக்கு வெளியே இந்தக் கணக்கை நீட்டாதீர்கள். அங்கே அளக்க வேண்டுமானால் அந்தப் புள்ளிகளையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: கருவி சரி, ஆனால் புத்தகக் கணக்கு இடிக்கிறது

இந்தப் பகுதியைக் கருவிக்கு முன்பே பாருங்கள் என்று கூடச் சொல்வேன்.

வித்தியாசத்தை எடுத்து, தசமப் புள்ளியை நீக்கி, 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 24.36-ஐ 24.63 என்று எழுதினால் வித்தியாசம் 27. தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தாலும் வித்தியாசம் 9-ஆல் வகுபடும், ஆனால் அது மிகப் பெரிதாக இருக்கும் என்பதால் கண்ணிலேயே பட்டுவிடும்.

பத்து மடங்கோ நூறு மடங்கோ வித்தியாசம் என்றால் தசமப் புள்ளி, அல்லது அலகு. 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், சுமார் 14.5 பிஎஸ்ஐ. ஒரே பக்கத்தில் இரண்டு அலகுகள் கலந்தால் பிழை நிச்சயம். கட்டத்தின் தலைப்பில் அலகை ஒரு முறை எழுதிவிட்டு, அதையே கடைசி வரை பின்பற்றுங்கள்.

கடைசி இலக்கம் எங்கே பார்த்தாலும் 0 அல்லது 5-ஆகவே இருக்கிறதா? யாரோ ஊகித்து உருட்டியிருக்கிறார். 0.02 படிக்கும் வெர்னியரில் கடைசி இலக்கம் 5 வரவே முடியாது. அப்படி ஒன்று பதிவில் இருந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

12.50 வந்தால் 12.50 என்றே எழுதுங்கள். 12.5 என்று எழுதினால் அடுத்த இலக்கத்தைப் படித்தீர்களா, விட்டீர்களா என்று தெரியாது. முழுமைப்படுத்துவதைக் கடைசி விடையில் ஒரே தடவை செய்யுங்கள். 12.446-ஐ முதலில் 12.45 ஆக்கி, அதை 12.5 ஆக்கினால் தப்பு. நேராக ஒரு தசம இடத்துக்குக் கொண்டுவந்தால் 12.4.

தப்பாக எழுதியதை வெள்ளைப் பூச்சால் மறைக்காதீர்கள், எண்மேல் எண் எழுதாதீர்கள். ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண், சுருக்கக் கையெழுத்து, தேதி. அடித்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும், சில நேரம் அதுவே சரியானதாக இருந்துவிடும். துண்டுச் சீட்டில் எழுதிப் பிறகு நகலெடுப்பதையும் நிறுத்துங்கள், இடமாற்றப் பிழைகள் பெரும்பாலும் அந்த நகலில்தான் பிறக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் கருவியின் அடையாள எண் இருக்கட்டும். இரண்டு காலிபர்கள் மாறி மாறிப் பயன்படும் இடத்தில் அது இல்லாவிட்டால், எந்தத் திருத்தம் எந்த வரிக்கு என்று சொல்லவே வழியில்லை.

## வெளியே அனுப்பும் கட்டம்

மூன்று புள்ளிச் சோதனையில் பிழை, கையேடு அனுமதிக்கும் எல்லையைத் தாண்டினால், கருவி கீழே விழுந்திருந்தால், பூச்சியம் தினமும் நகர்ந்தால், அல்லது அளவை வைத்து யாருடைய பாதுகாப்போ பணமோ தீர்மானிக்கப்பட்டால், காலிபரேஷன் கூடத்துக்கு (கருவியை ஒப்பிட்டுச் சோதித்துச் சான்றிதழ் தரும் இடம்) அனுப்புங்கள். ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரத்தில் அங்கீகாரம் பெற்ற கூடமா, உங்கள் வீச்சுக்கு அந்த அங்கீகாரம் பொருந்துமா என்று கேளுங்கள்.

அனுப்பும் முன் நீங்கள் எதையும் திருகாதீர்கள். சரிசெய்வதற்கு முன் இருந்த அளவுகளையும் சரிசெய்த பின் உள்ள அளவுகளையும் தனித்தனியே தரும்படி எழுத்தில் கேளுங்கள். முன் இருந்த அளவு இல்லாமல் கருவி பளபளப்பாகத் திரும்பி வந்தால், இவ்வளவு நாளும் எவ்வளவு தப்பாக அளந்தோம் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

அந்த அளவு கையில் கிடைத்ததும், கருவி கடைசியாகச் சரியாக இருந்ததாக உறுதியான நாள்வரை குறிப்பேட்டில் பின்னோக்கிப் போங்கள். அந்த நாளிலிருந்து பதிந்த ஒவ்வொரு அளவையும் இந்தப் பிழை எல்லையை மீறவைக்குமா என்று பாருங்கள். மீறும் வரிகளுக்கு எதிரே மையால் குறியிட்டு, பொருள் இன்னும் கையில் இருந்தால் வேறு கருவியால் மறுபடி அளந்து பதியுங்கள். பொருள் போய்விட்டிருந்தால் அதை வாங்கியவருக்குத் தெரிவியுங்கள்.